புரட்டாசி விரதமும் தினம் இரண்டு முட்டையும்

ஆவணி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் என் மகள் தாரணி மயங்கி விழுந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பாசிரியை போன் செய்தபோது நான் சமையலறையில் துவரம் பருப்பில் வண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஒரு காலில் என் செருப்பும் இன்னொரு காலில் அவளுடைய பழைய செருப்பும் இருந்ததைப் பள்ளிக்கூட வாசலில்தான் பார்த்தேன்.

அன்பர்களுக்கு என்னை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் உணவு வழங்கல் துறையில் நெடுங்காலம் இருந்து, வட்ட வழங்கல் அலுவலராக ஓய்வு பெற்றவன். ரேஷன் கடைகளுக்கு அரிசி, சர்க்கரை, பருப்பு ஒதுக்குவது என் வேலை. எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு வட்டத்துக்கே சோற்றுக்குக் கணக்குப் போட்டவன். என் வீட்டில் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு என்ன வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி சுகுணா தை மாதம் போய்விட்டாள். புற்றுநோய். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கி வைத்தியம் பார்த்தோம். அந்தப் பிடித்தமும் வீட்டுக்கடனும் போக, பள்ளிக்கூடச் செலவும் போக, சாப்பாட்டுக்கு வாரம் ஆயிரத்து ஐநூறு ரூபாய் நிற்கும். அதில் இரண்டு பேர் நன்றாகவே சாப்பிடலாம். சமைக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால்.

தாரணி எங்களுக்குத் தாமதமாகப் பிறந்தவள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் என்னைத் தாத்தா என்று நினைப்பவர்கள் உண்டு. நான் திருத்துவதில்லை. திருத்தல் மனு கொடுக்கும் அளவுக்கு அது பெரிய பிழை இல்லை.

சுகுணா போன பிறகு வீட்டை அலுவலகம் மாதிரி நடத்தப் பார்த்தேன். மாதம் பிறந்ததும் மொத்தமாக வாங்கினேன். ஒரு மூட்டை அரிசி, பருப்பு, உளுந்து, மிளகாய் எல்லாம் வரிசையாக வந்து இறங்கும். கிடங்கில் எப்படி அடுக்குவோமோ அப்படி அடுக்கினேன். கிடங்கில் மருந்து அடிப்பார்கள், வீட்டில் அடிக்கமாட்டார்கள் என்ற சிறு வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை. வண்டுகளுக்குத் தோன்றியது. காய்கறி மட்டும் அப்போதைக்கு அப்போது. அதனால் மாத முதல் வாரத்தில் அவரைக்காய்ப் பொரியல் இருக்கும், கடைசி வாரத்தில் ஊறுகாய் இருக்கும்.

பிறகு பங்கிடுவதை மட்டும் வாரக் கணக்குக்கு மாற்றினேன். ஞாயிறு முதல் சனி வரை. ஆளுக்குச் சரிபாதி. பழைய குடும்ப அட்டை முறையில் பெரியவருக்கு ஒரு யூனிட், சிறியவருக்கு அரை யூனிட். நான் பெருந்தன்மையோடு என் மகளுக்கு முழு யூனிட் கொடுத்தேன். ஆளுக்கு மூன்று தோசை. ஆளுக்கு ஒரு டம்ளர் பால். ஞாயிற்றுக்கிழமைக் கறியிலும் எண்ணி ஆளுக்குச் சமமாகத் துண்டு. சர்க்கரை வியாதிக்காரனான அறுபது வயதுக்காரனுக்கும், மாதாமாதம் உயரம் கூடுகிற பெண் பிள்ளைக்கும் ஒரே அளவு. யாரும் என் நேர்மையைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுகுணா இருந்தவரை இராத்திரிச் சாப்பாட்டுக்கு மூவரும் கூடத்தில் தரையில் உட்காருவோம். அவள் போன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. தாரணிக்குத் தட்டு வைத்துவிட்டு நடப்பேன். சமையலறையிலிருந்து வாசல் கேட் வரை. கேட்டிலிருந்து சமையலறை வரை. கேஸ் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்ப்பேன். பால் பாத்திரத்தை மூடினேனா என்று ஒரு தடவை. என் சாப்பாட்டை அடுப்பு மேடை ஓரமாக நின்றுகொண்டே முடித்துவிடுவேன்.

"சும்மா நடந்துக்கிட்டே இருக்கீங்கப்பா," என்பாள் தாரணி.

"சாப்பிடு சாமி. ஆறிப்போகும்," என்பேன். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாகச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அவள் தட்டில் பாதி மிஞ்சும். எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைப்பேன்.

இப்படி நடந்துகொண்டிருந்த வீட்டில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு மறுநாள் என்றார்கள். அன்று சாயங்காலம் அவள் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. நான் பூஜை அலமாரி முன்னால் நின்றேன். "பெருமாளே, நானும் என் மகளும் புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொடமாட்டோம். சனிக்கிழமைதோறும் ஒரு பொழுது இருப்போம். இவளையும் எடுத்துக்கொள்ளாதே. இவள் என்னோடு இருக்கட்டும்" என்றேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்தேன். வாய் திறந்து மனதாரக் கேட்டது பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான். சுகுணா போன பிறகு சாமியிடம் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது.

மறுநாள் முடிவு வந்தது. ரத்த அளவு ஏழரை. பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். டாக்டர் இளம் பெண். சத்து மாத்திரை எழுதினார். "தினம் ரெண்டு முட்டை. வாரத்துல ரெண்டு நாள் ஈரல். கீரை. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார்.

"முட்டைக்குப் பதிலாக ஏதாவது உண்டா டாக்டர்?" என்று கேட்டேன்.

"மத்ததும் சாப்பிடட்டும் சார். முட்டைய விட்டுடாதீங்க. உங்க ஊர்லயே முட்டை கிடைக்கலைன்னா எங்க கிடைக்கும்?"

அவர் சொன்னது சரி. நாமக்கல்லில் குடியிருக்கிறேன். நாடெங்கும் முட்டை லாரி போகிற ஊர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இல்லை, நின்றுகொண்டு, முட்டை தொடமாட்டேன் என்று முந்தின நாள் பெருமாளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் பொறுத்திருந்தால் வேறு ஏதாவது வேண்டியிருப்பேன். மொட்டை போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு என் தலையில் வேலையும் குறைவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாரணியின் தாய்மாமன் செந்தில் வந்தார். சுகுணாவின் தம்பி. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறார். நல்ல மனிதர். பிள்ளையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். காபியைத் தொடவில்லை.

"பிள்ளைய எங்கூட அனுப்பிச்சிருங்க மாமா. வண்டி ஆளுங்களோட சேத்து எங்கூட்ல தினம் பதினஞ்சு பேருக்கு ஆக்கறோம். அதுல ஒரு தட்டு தெரியவா போவுது?"

"பள்ளிக்கூடம் இருக்கிறதே."

"திருச்செங்கோட்ல இல்லாத பள்ளிக்கூடமுங்களா? கேளுங்க மாமா. ஆபீசுல நீங்க பெரிய ஆளு, ஒத்துக்கறேன். ஆக்கிப்போடறதுக்கு ஆபீசு உதவுமுங்களா?"

தாரணி கதவு ஓரம் நின்று தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள்.

"மறுக்கா ரத்தம் பாக்கற வரைக்கும் பொறுக்கறேனுங்க. ஏறலீன்னா காரக் கொண்டாந்து நிறுத்திருவேன். கோவிச்சுக்கப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சட்டப்படி நான் இயற்கைக் காப்பாளர். யாரும் என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போக முடியாது. அந்தப் பிரிவெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவர் கேட்டது சட்டம் இல்லை. பிள்ளை சாப்பிடுகிறாளா என்றுதான் கேட்டார். அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்தேன்.

புரட்டாசி பிறந்தது. முட்டைக்கு மாற்றாக வேர்க்கடலை, பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி என்று ஒரு வாரத்துக்குத் திட்டம் போட்டேன். பேரீச்சம்பழம் மட்டுமே அந்த வாரப் பணத்தில் பெரிய ஓட்டை போட்டது. புதன்கிழமைக்குள் பணம் தீர்ந்தது. களியை அவள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. வெறும் வயிற்றில் சத்து மாத்திரை நிற்கவில்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். முதல் சனிக்கிழமை ஒரு பொழுது என்று காலையில் பால் மட்டும் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் சுவரில் சாய்ந்துவிட்டாள். பயந்துபோய்த் தயிர்சாதம் ஊட்டினேன். ஊட்டியபின் விரதம் முறிந்ததே என்று அதற்கும் பயந்தேன். விரதத்தை முழுதாகக் காப்பாற்றவும் இல்லை, முழுதாக விடவும் இல்லை. இடையில் ஒரு பிள்ளை வாடிக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு முனையில் பழனிசாமி முட்டைக்கடை வைத்திருக்கிறார். வாசல் பலகையில் அன்றன்றைய விலையைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிப் போடுவார். புரட்டாசியில் அந்த விலை இறங்கிக்கொண்டே வரும். ஊரில் பாதிப் பேர் முட்டையை நிறுத்திவிடுவார்கள். வாங்கக்கூடாத மாதத்தில்தான் வாங்க முடிகிற விலை. நான் அந்தப் பலகையை நின்று பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"என்னங்க சார், வெல எறங்கிருச்சேன்னு பாக்கறீங்களா? ஊரே வெரதமுங்க. இந்தக் கோழிங்கதான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"எங்கள் வீட்டிலும் விரதம்தான் பழனிசாமி."

"பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லீன்னு சொன்னாங்களே. பிள்ளைக்குமா வெரதம்?"

"வேண்டிக்கொண்டாயிற்று."

அவர் தலையைச் சொறிந்தார். "வேண்டுதலுன்னா ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க," என்றார். எங்கள் பக்கத்தில் வேண்டுதலுக்கு எதிராக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முட்டைக்காரர்கூட.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது தாரணிதான் வழி சொன்னாள். "கொலதெய்வத்துக்கிட்டப் பூக் கேக்கலாமுங்கப்பா. அம்மா எல்லாத்துக்கும் பூக் கேப்பாங்களே."

எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும். கொடுத்த வாக்கைக் கொடுத்தவனே ரத்து செய்ய முடியாது. உரிய இடத்தில் உத்தரவு வாங்க வேண்டும். பெருமாள் விவகாரம்தான் என்றாலும், எங்கள் பக்கத்தில் மேலிடத்துக்குப் போகிற எந்த விண்ணப்பமும் குலதெய்வத்தின் வழியாகத்தான் போகும். நேராகப் போனால் குறுக்குவழி. குறுக்குவழியில் வந்த மனுவை நானே ஏற்றுக்கொண்டதில்லை.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையில் எங்கள் செல்லாண்டியம்மன் இருக்கிறாள். இரண்டாம் சனிக்கு மறுநாள் போனோம். பஸ்ஸில் தாரணி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். அவள் கனமே இல்லாமல் இருந்தாள். நான் கேள்வியை மனதுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

பூக் கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று எடுத்து, தனித்தனியே இலையில் பொதிந்து அம்மன் காலடியில் போடுவார்கள். கேட்கிறவர் கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளியே சொல்லக்கூடாது. விவரம் தெரியாத ஒரு குழந்தை வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆகட்டும் என்று உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. ஒரே கேள்வியை மறுபடி கேட்கக்கூடாது. மேல்முறையீடு கிடையாது.

பூசாரியின் பேத்தி மூன்று வயதுக் குழந்தை. கோயில் முன்னால் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தவளைத் தூக்கி வந்தார்கள். நான் கண்ணை மூடினேன். "தாயே, பெருமாளுக்கு நேர்ந்த விரதத்தை நானும் என் மகளும் தளர்த்தலாமா?" என்று கேட்டேன். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தது.

பிரித்தேன். சிவப்பு.

நிராகரிக்கப்படுகிறது என்ற சொல்லின் எடை எனக்குத் தெரியும். அன்று அது என் உள்ளங்கையில் இருந்தது. கோயிலைச் சுற்றி நடந்தேன். வலமாக மூன்று சுற்று என்று ஆரம்பித்தேன், எத்தனை சுற்றினேன் என்று தெரியவில்லை. முட்டை கூடாது. மாத்திரை நிற்காது. ரத்தம் ஏறாது. கார் வந்து நிற்கும். இவள் போய்விடுவாள். ஒவ்வொரு சுற்றிலும் இதே வரிசை. அம்மனைத் திட்டவும் செய்தேன். அவளுக்கு அது புதிதல்ல என்று நினைக்கிறேன்.

முன்பக்கம் வரும்போது தாரணியின் குரல் கேட்டது. பூசாரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, எங்கப்பா வேண்டிக்கிட்டாங்க, செரி. நான் எதும் வேண்டிக்கவே இல்லீங்களே. நான் தூங்கிட்டு இருந்தேன்."

"அப்பிடியா சாமி?" என்றார் பூசாரி. பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளையக் கேட்டுட்டு நேர்ந்தீங்களா, கேக்காமயா?"

"கேட்கவில்லை. அவள் மைனர். அவளுக்கும் சேர்த்து நான்தானே..."

"அம்மனுக்கு மைனரு மேசரு எல்லாந் தெரியாதுங்க. ரெண்டு ஆளுக்குச் சேத்து ஒரு பூக் கேட்டா அது எப்பிடீங்க? அவ தனி ஆளு. அவ கேக்கறத அவதான் கேக்கோணும்."

நான் நின்றுவிட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை, ஒரு குடும்பத் தலைவர், ஒரு கையெழுத்து. இப்படியே பார்த்துப் பழகிய கண். என் விரதத்தில் அவளை நான் பெயர் சேர்த்திருந்தேன். என் மனுவிலும் சேர்த்திருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பதில் வந்துவிட்டது என்று அழுதுகொண்டிருந்தேன்.

புதிதாக இரண்டு பூ பொதிந்தார்கள். தாரணி கை கூப்பிக் கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. குழந்தை பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தது.

வெள்ளை.

அவள் சிரிக்கவில்லை. பூவைப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு, "பசிக்குதுங்கப்பா," என்றாள். அந்த ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

நாமக்கல் வந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பழனிசாமி கடைக்குப் போனோம்.

"என்னங்க சார், உத்தரவு வந்திருச்சுங்களா?"

"ஒருத்தருக்குத்தான்," என்றேன். அரை அட்டை, அதாவது பதினைந்து முட்டை வாங்கினேன்.

அவளே வேக வைத்தாள். நான் அவள் தட்டில் சோறும் கீரையும் போட்டு, இரண்டு முட்டையை வைத்து, வழக்கம்போல நடக்கத் தொடங்கினேன்.

"உங்க தட்டு எங்கீங்கப்பா?"

"நான் அப்புறம் சாப்பிடுகிறேன்."

"அப்ப நானும் அப்பறம்."

"ஆறிப்போகும் சாமி."

"ஆறட்டும்."

சுகுணாவின் பிடிவாதம் அப்படியே இருந்தது. என் தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். அன்பர்களே, மூன்று பேர் உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது இடம் கண்ணில் படும். நின்றுகொண்டிருந்தால் படாது. அதனால்தான் நான் அத்தனை மாதமும் நின்றிருக்கிறேன். உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. சோறு இறங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. தாரணி சொம்பை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு சாப்பிட்டாள். இரண்டு முட்டையையும் சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மாத்திரை போட்டாள். அது வயிற்றிலேயே நின்றது.

அதன் பிறகு தினமும் இதே சட்டம். நான் உட்கார்ந்தால்தான் அவள் கை நனைப்பாள்.

உட்கார்ந்து பார்த்தால் பிள்ளையின் தட்டு தெரிகிறது. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கீரையில் காம்பைப் பொறுக்கி ஓரம் வைக்கிறாள். கத்தரிக்காயைச் சோற்றுக்கடியில் புதைக்கிறாள். மூன்று தோசை அவளுக்குப் போதாது, எனக்கு அதிகம். தட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று அப்போது புரிந்தது. யூனிட்டைத் தூக்கிப் போட்டேன். ஞாயிறு காலையில் இருவரும் உழவர் சந்தைக்குப் போனோம். முதலில் அவள் தட்டுக்கு வேண்டியது. அது முடிந்த பிறகு மீதியில் என்னுடையது. ஒரு வாரத்துக்குத் தேவையானது மட்டும். வண்டுகளுக்கு இனி ஒதுக்கீடு இல்லை.

பணம் போதுமா என்று பயந்தேன். போதுமானதாக இருந்தது. யோசித்துப் பாருங்கள். எனக்குச் சிவப்புப் பூ. அதனால் என் விரதத்தை நான் முழுதாகக் காப்பாற்றினேன். ஞாயிற்றுக் கறியில் என் பங்கு மிச்சம். சனிக்கிழமைகளில் ஒரு வேளை போக மற்றது மிச்சம். டீக்கடையில் நான் தின்கிற சாயங்காலப் பஜ்ஜியையும் விட்டேன். அந்த மிச்சம் எல்லாம் அவள் தட்டுக்கு ஈரலாகவும் பாலாகவும் போயிற்று. முட்டையோ அந்த மாதம்தான் மலிவு. எனக்கு மறுத்து மிச்சம் பிடித்த தாய், அவளுக்குக் கொடுத்து அதைச் செலவழித்தாள். நான் மாதக்கணக்கில் தடுமாறிய பட்ஜெட்டை இரண்டு அரளிப்பூவில் முடித்துவிட்டாள். எனக்கு வெள்ளை வந்திருந்தால் பழையபடி ஆளுக்கொரு முட்டை என்று சமமாகப் பிரித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அம்மனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் மனம் அடங்கவில்லை. தினம் காலையில் அவள் கீழ் இமையை இழுத்துச் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். "நேத்துப் பாத்த அதே கண்ணுதானுங்கப்பா," என்பாள். ஒரு நாள் மாடிப்படி ஏறிவிட்டு மூச்சு வாங்கினாள். அன்று முழுக்க எனக்கு மூச்சு வாங்கியது. காரின் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவேன். பூ சொன்ன பிறகும் சந்தேகமா என்று நீங்கள் கேட்கலாம். உத்தரவு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம்புகிற ஆள் இல்லை நான். உத்தரவுக்கும் பலனுக்கும் நடுவில் எத்தனை கை மாறும் என்று பார்த்தவன்.

மறுபடி ரத்தம் பார்க்கும் நாள் வந்தது. மைத்துனர் சொன்னபடியே காரோடு வந்தார். பின் சீட்டில் பிள்ளைக்கென்று புதுத் தலையணை ஒன்று இருந்தது. மருத்துவமனை வராந்தாவில் அவரும் நடந்தார், நானும் நடந்தேன். எதிரெதிராக. தாரணி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

முடிவு வந்தது. ஒன்பதரை.

டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்தார். "நல்லா ஏறியிருக்கு. மாத்திரை ஒழுங்கா நின்னிருக்கு, சாப்பாடும் நடந்திருக்கு. இதே மாதிரி தொடருங்க" என்றார். மாத்திரையும் வேலை செய்தது. அதை நான் மறைக்கவில்லை. அந்த மாத்திரை வயிற்றில் தங்குவதற்கு முதலில் அங்கே சோறு இருக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் கோயிலுக்குப் போனோம். அதுதான் கிடைத்தது.

மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி நான் பிள்ளையக் கேக்க மாட்டேனுங்க மாமா. தலவாணிய மட்டும் வெச்சுக்கங்க" என்றார்.

மத்தியானம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். அந்த மூன்றாவது இடத்தில் சுகுணாவின் தம்பி இருந்தார். பூக் கேட்ட கதையைத் தாரணி அவருக்குச் சொன்னாள்.

"அம்மங்கிட்ட முட்டையக் கேட்டு வாங்கின பிள்ள நீ ஒருத்திதான் கண்ணு," என்றார் அவர்.

"முட்டைக்கு எதுக்குங்க மாமா பூக் கேக்கோணும்? நான்தான் வெரதமே வேண்டிக்கலையே."

"பின்ன என்னத்தக் கேட்ட?"

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா மறுக்கா எங்கூட உக்காந்து சாப்புடுவாங்களான்னு கேட்டேன்."

மைத்துனர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். என் வாயில் வந்தது வேறு. பழக்க தோஷம்.

"அப்படியென்றால் இத்தனை நாளும் முட்டைக்கு உத்தரவு..."

"யாருமே கேக்கலீங்கப்பா," என்றாள்.

மைத்துனருக்குச் சிரிப்பில் புரையேறியது. "சாமி, தண்ணி எடு. உங்கப்பா இப்ப இதுக்கு ஒரு மனு எழுதப்போறாங்க."

எழுதவில்லை. அனுமதி இல்லாமல் நடந்துவிட்ட காரியத்துக்குப் பின்னேற்பு ஆணை என்று ஒன்று உண்டு, அதற்கு எப்படி எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ஐப்பசியில் செல்லாண்டியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போனபோது அதைக் கேட்கவில்லை. எதிரில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்தேன். அம்மனும் வேறு எதுவும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. மஞ்சள் துணியில் முடிந்த ரூபாயைப் பெருமாள் உண்டியலில் போட்டுவிட்டேன். வெள்ளைப் பூ காய்ந்துபோய் எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. பக்கத்தில் என் சிவப்பும் இருக்கிறது.

இப்போது முட்டை விலை ஏறிவிட்டது. அதற்காக இரண்டு செய்தித்தாளில் ஒன்றை நிறுத்திவிட்டேன். அதில் இருந்தது இதிலும் இருக்கிறது. ஞாயிறு காலையில் சந்தை, ஒரு வாரத்துக்கு மட்டும் சாமான், முதலில் அவள் தட்டு. இன்னும் நடக்கிறேன். நடக்காமல் இருக்கிற உடம்பு எனக்குக் கொடுக்கப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நடப்பதில்லை.

தனியாகப் பிள்ளை வளர்க்கிற அன்பர் யாராவது இதைப் படிக்கலாம். வாரக் கடைசியில் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அலைபவராக இருக்கலாம். உங்கள் தெய்வம் எதுவோ அதனிடம் போய்க் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். சிவப்பு வந்தால் கலங்க வேண்டாம். அது உங்களுக்கு மட்டும் வந்த பதிலாக இருக்கும். உங்கள் பிள்ளையும் கேட்கட்டும். அது என்ன கேட்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தாரணி கூப்பிடுகிறாள். இரண்டு தட்டு வைத்துவிட்டாள். போய் உட்கார வேண்டும்.